தொப்புளுக்கு இடப்பக்கம்

4 ஜூலை 2023, செவ்வாய்

காலை மணி 10.40. மூன்று சென்டிமீட்டர்.

டாக்டர் தனசிங் கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிய நேரம் அது. மூன்று சென்டிமீட்டர் என்பது வாப்பாவின் ஆசனவாய் விளிம்புக்கும் மலக்குடலில் இருக்கும் புற்றுக்கட்டிக்கும் நடுவே உள்ள தூரம். ஐந்து வாரம் கரண்ட் வைத்தும் மாத்திரை விழுங்கியும் கட்டி பாதியாகச் சுருங்கியிருக்கிறது. ஆனால் இடம் விட்டு நகரவில்லை. கட்டி நகராது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நகர்ந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

வாப்பா வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அவரால் இப்போது உட்கார முடிவதில்லை.

"மேல் குடலைக் கீழ இழுத்துச் சேர்க்க முடியாதா சார்?"

"சேர்க்கணும்னா கட்டிக்குக் கீழ நல்ல சதை கொஞ்சமாவது மிஞ்சணும். இவருக்கு மலத்தை அடக்குற தசையையே கட்டி தொடுது. மலக்குடல், ஆசனவாய், அந்தத் தசை, எல்லாத்தையும் எடுத்துட்டுக் கீழ தச்சு மூடிருவோம். இடப்பக்க வயித்துல ஒரு வாய் வச்சு, அதுல பை."

"எத்தன நாளைக்கு?"

"நாள் இல்ல தம்பி. ஆயுசுக்கும்."

புரிந்தது. இரண்டு குழாயைச் சேர்க்க இரண்டு பக்கமும் விளிம்பு வேண்டும். இங்கே ஒரு பக்கம் விளிம்பே இல்லை. நான் எஞ்சினியராக இருக்கும் காற்றாலையில் யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் நானும் இரண்டு வாக்கியத்தில் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

"ஈரல், நுரையீரல் சுத்தமா இருக்கு. இந்த மாசமே செஞ்சா பிழைக்க நல்ல வாய்ப்பு. தள்ளிப்போட்டா இதையே நான் திருப்பிச் சொல்ல முடியாது" என்றார். இருபதாம் தேதி என்று குறித்தார். "அப்பாகிட்ட நான் பேசட்டுமா?"

"நானே சொல்லிக்கிறேன் சார். நான் பட்டுன்னு பேசுறவன்."

5 ஜூலை, புதன்

வாப்பா எங்கள் தெருப் பள்ளிவாசலில் மோதினார். ஐந்து வேளையும் பாங்கு சொல்லித் தொழுகைக்கு அழைப்பது அவர் வேலை. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே மேலப்பாளையத்தில் நாலு தெரு அவர் குரலில்தான் எழுந்திருக்கிறது. அந்த மனிதரிடம் போய், இனி உங்கள் மலம் வயிற்றின் முன்பக்கம், நீங்கள் கேட்காத நேரத்தில், ஒரு பைக்குள் வரும் என்று சொல்ல வேண்டும்.

காலையில் உம்மாவிடம் சொன்னேன். கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள்.

"ஆயுசுக்கும்னு சொன்னா மனுசன் அப்படியே படுத்துருவாரு மசூது. மூணு மாசம்னு சொல்லு. காதர் மகளுக்குப் பை வச்சு, மூணு மாசத்துல எடுத்து உள்ள வச்சுட்டாங்கள்லா?"

"அது வேற கேஸ்மா. அவளுக்குக் கீழ எல்லாம் இருந்துச்சு."

"அவருக்குத் தெரியுமா வேற கேஸுன்னு?"

மதியம் லுஹர் தொழுதுவிட்டு வந்த வாப்பாவிடம் பேசினேன். ஆபரேஷன், பை என்று சொன்னபோது தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "எத்தன நாளைக்கு?" என்று, நான் டாக்டரிடம் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார்.

"மூணு மாசம்."

"அப்ப நோன்புக்கு முன்னால பள்ளிக்குப் போயிருவேன்."

ஒத்துக்கொண்டார். முழுத் தகவலையும் ஒரே தடவையில் கொடுக்கத் தேவையில்லை. நாங்கள்கூடத் தற்காலிகமாக ஒரு வயரைக் குறுக்கே போட்டு மிஷினை ஓடவிட்டு, பிறகு நிதானமாகப் பழுது பார்ப்போம். முதலில் உயிர். மற்றதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

9 ஜூலை, ஞாயிறு

காற்று சீசன். மேனேஜர் மூன்று தடவை போன். எடுக்கவில்லை.

13 ஜூலை, வியாழன்

மயக்க மருந்து டாக்டர் பார்த்தார். ரத்தம் ஏற்ற வேண்டியதில்லையாம். தனசிங் நடைபாதையில் நிறுத்திக் கேட்டார்.

"அப்பாகிட்ட சொல்லிட்டீங்கள்ல?"

"சொல்லியாச்சு சார்."

"என்ன சொன்னாரு?"

"சரின்னாரு."

இரண்டு பதிலிலும் தப்பு இல்லை. மதியம் சாப்பிடவில்லை. பசியில்லை, அவ்வளவுதான்.

18 ஜூலை, செவ்வாய்

அட்மிஷன். பையை எங்கே வைப்பது என்று குறிக்க சிஸ்டர் பொன்செல்வி வந்தார். இதற்கென்றே பயிற்சி எடுத்தவர். வயிற்றில் கண்ட இடத்தில் ஓட்டை போட்டுவிட முடியாது என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. மடிப்பு விழும் இடத்தில் வைத்தால் ஒட்டாது, கசியும். நோயாளியின் கண்ணுக்கும் கைக்கும் எட்டவும் வேண்டும்.

"சாரத்த எங்க கட்டுவீங்க அய்யா? முடிச்சுக்குக் கீழ வரணும்."

வாப்பா சாரத்தை இறுக்கிக் கட்டிக் காட்டினார்.

"தொழுகைல குனிவீங்கள்ல? அதையும் ஒருக்கா செஞ்சு காட்டுங்க. நிக்கும்போது நல்லா இருக்குற இடம் குனிஞ்சா மடிஞ்சுக்கிடும்."

"நீ கிறிஸ்தவப் புள்ளதானம்மா?"

"ஆமாய்யா. ஆனா இதுவரைக்கும் நெறைய பேரத் தொழ வச்சுப் பாத்துட்டேன்."

வாப்பா சிரித்தார். தரையில் ஒரு விரிப்பைப் போட்டோம். முழங்காலில் கை வைத்துக் குனிந்தார். சிஸ்டர் பக்கவாட்டில் மண்டியிட்டு மடிப்பைப் பார்த்தார். பேனாவால் தொப்புளுக்கு இடப்பக்கம், கொஞ்சம் கீழே ஒரு புள்ளி. வாப்பா நெற்றியைத் தரையில் வைத்து சுஜூது செய்தார். சிஸ்டர் கன்னம் தரையில் படும்படி எட்டிப் பார்த்து, புள்ளியை ஒரு விரல் அகலம் மேலே ஏற்றினார். நல்ல வேலைக்காரி என்று நினைத்தேன். அப்போதுதான் சொன்னார்.

"பொறுமையாப் பாத்துக்கிடுவோம் அய்யா. ஆயுசுக்கும் இருக்கப் போற எடம்லா. பெறகு மாத்த முடியாது."

வாப்பா எழுந்திருக்கவில்லை. நெற்றி தரையிலேயே இருந்தது. ஒரு சுஜூதுக்குத் தேவையானதைவிட அதிக நேரம். பிறகு எழுந்தார்.

"ஆயுசுக்குமாம்மா?"

என்னிடம் கேட்கவில்லை. சிஸ்டரிடம் கேட்டார். சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அவர் கையிலிருந்த பேனாவைப் பார்த்தேன்.

வாப்பா துண்டால் அந்தப் புள்ளியைத் துடைத்தார். அழியவில்லை. சட்டையை மாட்டினார். "உம்மாவுக்குப் போன் போட்டு ஒல வைக்கச் சொல்லு. வீட்டுக்குப் போறோம்."

தனசிங் வந்து அரை மணி நேரம் பேசினார். தப்பு அவருடையது இல்லை. ஆனாலும் மன்னிப்புக் கேட்டார். வாப்பா கையெடுத்துக் கும்பிட்டு, "நீங்க நல்லவங்க டாக்டர். எனக்கு வேண்டாம்" என்றார்.

ஆட்டோவில் அவர் நின்ற மாதிரியே கம்பியைப் பிடித்துக் குனிந்துகொண்டு வந்தார்.

20 ஜூலை, வியாழன்

இன்று ஆபரேஷன் நடந்திருக்க வேண்டிய நாள். மாலை அசருக்கு அவர்தான் பாங்கு சொன்னார். முதல் வரியை முடிக்குமுன் மூச்சு வாங்கியது.

23 ஜூலை, ஞாயிறு

கத்திவிட்டேன். ஒரு பைக்குப் பயந்து சாகப் போகிறீர்களா என்று கேட்டேன். கட்டி எப்படி வளரும், எதையெல்லாம் அடைக்கும், கடைசியில் எதுவும் வெளியேறாமல் எப்படி முடியும் என்று வரிசையாகச் சொன்னேன். எல்லாம் சரியான தகவல். உம்மா காதைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

வாப்பா கேட்டு முடித்துவிட்டு, "இவ்ளோ வெவரமாச் சொல்லத் தெரியும்லா ஒனக்கு?" என்றார். "அன்னைக்கு எங்க போச்சு?"

உயிரைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னேன் என்றேன்.

"யாரு உயிர? கூட இருந்து பேசி, இது இப்படித்தான் வாப்பா, கஷ்டந்தான் வாப்பான்னு சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன். தொழுதுகிட்டுக் கெடந்தவனோட தலைக்கு மேல நின்னுல்ல ஊரான் சொல்லி எனக்குத் தெரியுது."



28 ஜூலை, வெள்ளி

ரத்தம் அதிகம். உம்மா சாரத்தைத் தனியாக ஊறவைக்கிறாள். அலசிய தண்ணீரை நான் பார்க்கக் கூடாது என்று கதவைச் சாத்திக்கொள்கிறாள்.

2 ஆகஸ்ட், புதன்

பள்ளிவாசலில் தொழவைக்கும் ஹஜ்ரத்தை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். மார்க்கச் சட்டப்படி என்ன என்று அவர் சொன்னால் வாப்பா கேட்பார் என்று கணக்குப் போட்டேன். ஹஜ்ரத் தெளிவாகச் சொன்னார். இது அடக்க முடியாமல் தானாக வருவது, அதனால் சலுகை உண்டு, ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கை கால் கழுவி ஒளு செய்துகொண்டால் தொழுகை கூடும், பாங்குக்கு அதுகூடக் கட்டாயம் இல்லை.

"சட்டம் ஒத்துக்கிடும் ஹஜ்ரத்" என்றார் வாப்பா. "பக்கத்துல நிக்கிறவன் மூக்கு ஒத்துக்கிடுமா?"

ஹஜ்ரத் சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எல்லாரும் கை கட்டி நிக்கிறோம். ஊசி விழுந்தாக் கேக்கும். அந்நேரம் இந்த வகுறு சத்தம் போட்டா? அடக்கத்தான் தசை இருக்காதாமே. நேத்து வரைக்கும் தொழுகைக்கு வாங்கன்னு கூப்பிட்டவன், நாளைக்கு நான் வந்தா நாலு பேரு எடம் மாறி நிப்பான். எவனும் வாயத் தொறந்து சொல்லமாட்டான். தள்ளி நிப்பான்."

ஹஜ்ரத் துஆ செய்துவிட்டுப் போனார். எனக்கு எரிச்சலாக வந்தது. விடை தெரிந்த கணக்கைப் போடமாட்டேன் என்கிற மாணவன் மாதிரி இருந்தார் வாப்பா.

7 ஆகஸ்ட், திங்கள்

அதிகாலை சுபுஹுக்கு வேறு ஆள் பாங்கு சொன்னான். வாப்பா எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அவன் சொல்லி முடிக்கும்வரை கேட்டார். "அவசரப்படுதான்" என்றார். அவ்வளவுதான்.

10 ஆகஸ்ட், வியாழன்

சிஸ்டர் பொன்செல்வியிடம் கெஞ்சி நாலு பை வாங்கிவந்தேன். வாப்பா முன்னால் மேசையில் பரப்பி விளக்கினேன். இது ஒட்டும் தட்டு, இது வடிகட்டி, உள்ளே கரித்தூள், காற்று போகும், நாற்றம் போகாது. முழுக்க அடைத்த அமைப்பு. சரியாக ஒட்டினால் கசிய வழியே இல்லை.

ஒரு பையைக் கையில் எடுத்து முன்னும் பின்னும் பார்த்தார். பதினெட்டு நாளுக்குப் பிறகு என் கண்ணைப் பார்த்துப் பேசினார்.

"ஒரு கஷ்டமும் இல்லங்கியா?"

"ஒண்ணுமே இல்ல வாப்பா."

"அப்ப நீ கட்டு. நாளைக்கு ஜும்மாவுல முன் வரிசைல நின்னு தொழுதுட்டு வந்து சொல்லு."

"சும்மா காலிப் பையக் கட்டி என்ன தெரியப் போவுது?"

"காலியா எதுக்கு? ரகுமத்து, கஞ்சி இருக்கா?"

உம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னத்துக்குக் கஞ்சி?"

"ஒம் மகன் வகுத்துல கட்டிக்கிட்டுப் பள்ளிக்குப் போகப் போறானாம்."

"யா அல்லா. பைத்தியமா புடிச்சிருக்கு ரெண்டு பேருக்கும்? தேங்காத் தொவையலும் வைக்கவா?"

வாப்பா சிரித்தார். சிரித்தால் கீழே வலிக்கிறது. வலியோடு சிரித்தார். சரி என்றேன். ஒரு சாதாரண சோதனை, அரை மணி நேர வேலை. சோதனை முடிவு எனக்கு முன்பே தெரியும்.

11 ஆகஸ்ட், வெள்ளி

தொப்புளுக்கு இடப்பக்கம், அவருக்குக் குறித்த அதே இடத்தில் ஒட்டினேன். உம்மா ஆறவைத்த கஞ்சியை ஊற்றினேன். கொஞ்சம் காற்றும் ஊதி அடைத்தேன். மேலே சட்டை. கண்ணாடியில் பார்த்தால் எதுவும் தெரியவில்லை. தெருவில் நடக்கும்போது இளஞ்சூடாக ஏதோ ஒரு பிராணி வயிற்றில் தொங்குகிற மாதிரி இருந்தது.

முன் வரிசையில் இடம் கிடைத்தது. ஒரு பக்கம் ஜவுளிக்கடை அசனார், மறுபக்கம் தெரியாத ஒருவர். அசனார் "வாப்பாக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டார். "பரவால்ல மாமா." தோளோடு தோள் ஒட்டி நின்றார். அப்படித்தான் நிற்க வேண்டும், இடைவெளி விடக் கூடாது. அவர் முழங்கை என் பையிலிருந்து எவ்வளவு தூரம் என்பது மட்டும்தான் என் மண்டையில் ஓடியது. ஹஜ்ரத் ஓதியது எதுவும் காதில் விழவில்லை.

குனிந்தபோது பை மடிந்தது. சின்னதாக ஒரு சத்தம். பிளாஸ்டிக் உரசுகிற சத்தம், அவ்வளவுதான். அசனார் திரும்பவில்லை. திரும்ப முடியாது, தொழுகையில் இருக்கிறார். ஆனால் திரும்பிவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது. எனக்குள்ளே இருந்தது உம்மா காய்ச்சிய கஞ்சி. உப்புப் போட்ட, பூண்டு போட்ட கஞ்சி. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் காது சுட்டது, முதுகெல்லாம் வேர்த்தது. சுஜூதில் தலையை வைத்தபோது உடம்பு எடை பையில் இறங்கிவிடும் என்று முழங்கையை ஊன்றி, பாதி அந்தரத்தில் கிடந்தேன். முதல் சுற்று முடிந்து இரண்டாவது ரக்அத்துக்கு எல்லோரும் எழுந்தார்கள். நான் வரிசையை விட்டுப் பின்னால் நடந்தேன். தொழுகிறவர்களுக்கு நடுவே, செருப்புக் கிடக்கிற இடம் வரைக்கும். ஓடினேன் என்று எழுதுவதுதான் சரி.

பை கசியவில்லை. ஒரு சொட்டு இல்லை. வாசனையும் இல்லை. அமைப்பில் எந்தக் கோளாறும் இல்லை.

வீட்டில் உம்மா வாசலிலேயே நின்று கண்ணைக் காட்டினாள்: நல்லபடியாச் சொல்லு. வாப்பா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார்.

"என்ன?"

ஒண்ணும் தெரியல வாப்பா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"பாதில ஓடி வந்துட்டேன்."

உம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கசிஞ்சுதா?"

"இல்ல. நாத்தமும் இல்ல. யாருக்கும் ஒண்ணும் தெரியல. ஆனா என்னால நிக்க முடியல. கஞ்சிதான்னு தெரிஞ்சும் முடியல. இது மூணு மாசத்துல போறதில்ல வாப்பா. கீழ தச்சு மூடிருவாங்க, தெறக்கவே முடியாது. மூணு மாசம்னு நான்தான் பொய் சொன்னேன். ஒங்களுக்குத் தினமும் அஞ்சு வேளையும் இப்படித்தான் இருக்கும். கொஞ்ச நாள்ல பழகுமா, பழகாதான்னு எனக்குத் தெரியாது. செய்யலன்னா செத்துருவீங்க. அது மட்டுந்தான் தெரியும்."

வாப்பா ஒரு கையை ஊன்றி என் பக்கம் திரும்பினார்.

"எந்த எடத்துல ஓடுன?"

"ரெண்டாவது ரக்அத்துல."

"ஒண்ணு முழுசா நின்னிருக்க." கையை நீட்டி என் சட்டையைத் தூக்கி, பையை விரலால் தொட்டார். "கஷ்டம்னு தெரிஞ்ச ஒருத்தன் வீட்டுல இருந்தாப் போதும். டாக்டர்ட்ட தேதி கேளு."

12 ஆகஸ்ட், சனி

போன் போட்டேன். தனசிங் சத்தமாக "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார். நாள் கடந்துவிட்டதால் எல்லா ஸ்கேனும் மறுபடி எடுக்க வேண்டுமாம். ஸ்கேன் இருபத்தொன்றாம் தேதி திங்கள், முடிவு செவ்வாய். ஸ்கேன் நாளைக்கே கிடைக்காதா என்று கேட்டேன். கிடைக்காது. நான் அவசரப்படுத்தியதற்கு ஸ்கேன் மையத்தில் ஒரு பெண் என்னைத் திட்டினாள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

17 ஆகஸ்ட், வியாழன்

வாப்பா பையை ஒட்டப் பழகுகிறார். என்னைவிட நிதானம். மடிப்பு விழாமல் ஒட்டிவிட்டு, "எஞ்சினியர் சார், வந்து செக் பண்ணுங்க" என்கிறார். வலி மாத்திரையை நாலு மணி நேரத்துக்கு ஒன்றாகக் கூட்டியாயிற்று.

22 ஆகஸ்ட், செவ்வாய்

அதே அறை. அதே திரை. தனசிங் உடனே திருப்பவில்லை.

"கீழ பெருசா மாத்தம் இல்ல. எடுக்கலாம்." மவுஸை உருட்டினார். "ஈரல்ல ரெண்டு புள்ளி."

ஜூலைப் படத்தைப் பக்கத்தில் வைக்கச் சொன்னேன். வைத்தார். அதில் இல்லை. திரையில் மூக்கு இடிக்கும் அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். இல்லை.

"அன்னைக்கே செஞ்சிருந்தா?"

"அன்னைக்கே கண்ணுக்குத் தெரியாம இருந்திருக்கலாம். இந்த அஞ்சு வாரத்துலயும் வந்திருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாது மசூது. சொல்றவன் பொய் சொல்றான்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்ப மொதல்ல மருந்து ஏத்தணும். ரெண்டு மாசம். புள்ளி சுருங்குச்சுன்னா ஈரல்லயும் கீழயும் எடுப்போம். சுருங்கலன்னா, கீழ எடுத்துப் பிரயோஜனம் இல்ல."

திரையை விட்டு விலகி நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இந்தத் தடவ நான் பேசட்டுமா?"

"நான் பேசுறேன் சார். நீங்க கூட இருங்க."

ஒரு நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். வாப்பா வராந்தாவின் கோடியில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கையில் துணிப்பை. அட்மிஷன் இன்றைக்கே இருக்கும் என்று இரண்டு சாரமும் பல்குச்சியும் எடுத்துவைத்துக் கொண்டு வந்திருக்கிறார். பார்மசி எதிரே நின்று இதை எழுதுகிறேன். செய்ய வேண்டியவை:

1. டாக்டர் வந்ததும் நேராக வாப்பாவிடம் போவது. உம்மாவுக்கு முதலில் போன் போடுவதில்லை.

2. ஈரலில் இரண்டு புள்ளி என்று சொல்வது. "சின்ன" என்ற சொல்லைச் சேர்ப்பதில்லை.

3. இன்று ஆபரேஷன் இல்லை, இரண்டு மாதம் மருந்து, அதன் பிறகும் ஆபரேஷன் நடக்காமல் போகலாம் என்று சொல்வது. இன்ஷா அல்லா என்பதை அவர் சொல்லட்டும். நான் அதை வைத்து வாக்கியத்தை முடிப்பதில்லை.

4. ஜூலையிலேயே செய்திருந்தால் என்று கேட்பார். தெரியாது என்று சொல்வது. அவர் கேட்காவிட்டாலும், அன்று அவர் ஆஸ்பத்திரியை விட்டுப் போனதற்குக் காரணம் நான் என்று சொல்வது.

5. மருந்து வேண்டாம், போதும் என்று சொன்னால் கத்துவதில்லை. ஏன் என்று ஒரு தடவை கேட்பது.

6. பிறகு வாயை மூடிக்கொண்டு, எவ்வளவு நேரம் ஆனாலும், அவர் பேசி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்பது.